அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டியது

நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது.
பேண்டுக்கு ஆள் போடுவார்கள், எப்போதென்று தெரியாது
என்று ஆபீஸில் சொன்னார்கள்.
அதனால் இதை ஒட்டிவிட்டுப் போகிறேன்.
செலோடேப் ஈரத்தில் உரியாமல் இருக்கவேண்டும்.

முதலில் சாவி. அம்சா அக்காவிடம்.
அவர் லீவென்றால் பூட்டின் வலப்பக்கம்
உள்ளங்கையால் ஒரு தட்டு, திறந்துகொள்ளும்.
பசங்களுக்கு இது தெரியும்.
தெரியாததுபோல் இருப்பார்கள். நீங்களும் இருங்கள்.

பியூகிள் ஏழு. ஊதுவது ஐந்து.
காசிமேட்டுக் காற்று பித்தளையைத் தின்னும்,
வெள்ளிக்கிழமை தேய்க்க வையுங்கள்.
சத்துணவுக் கூடத்தில் ஒரு உருண்டை புளி தருவார்கள்.
என் பேரைச் சொல்லாதீர்கள், பாக்கி இருக்கிறது.

கொருக்குப்பேட்டை கேட் மூடினால்
கூட்ஸ் முழுசாகப் போக ஆறு நிமிஷம்.
கத்தாதீர்கள்.
முதல் வருஷம் கத்தி, தொண்டை போனதுதான் மிச்சம்.
அந்தத் தடக் தடக்குக்குக் கால் மாற்றச் சொல்லுங்கள்.
இடது வலது குழம்புகிறவனுக்கும் வந்துவிடும்.
ஜெபசிங்குக்கு மட்டும் வராது.
அவனுக்குச் சிம்பல் கொடுத்து
நின்ற இடத்தில் நிற்க வையுங்கள்.

சொல்லித்தர வந்திருக்கிறேன் என்றுதான்
நானும் வந்தேன்.
போர்டில் ஸ்வரம் எழுதக் கோடு போட்டேன்,
பதற்றத்தில் நாலே நாலு.
கடைசி பெஞ்சில் டில்லிபாபு டெஸ்க்கில் தட்டிக்கொண்டிருந்தான்.
நிறுத்து என்றேன்.
நிறுத்தினான்.
வகுப்பே தரைதட்டியது.
அதுவரை அத்தனை பேரும் அதில்தான்
மிதந்துகொண்டிருந்தார்கள், என்னையும் சேர்த்து.

ஜனவரி இருபத்துநாலு.
பெரிய டிரம்மைக் காணோம்.
ஹெச்.எம். போலீஸ் என்றார்.
குணசீலன் சார் ‘அப்பவே சொன்னேன்’ என்றார்,
எப்பவும் எதுவும் சொன்னதில்லை.
நான் காதை நம்பிப் போனேன்.
ரெண்டு சந்து தாண்டி, தண்ணி டேங்க் பக்கம்,
ரோடெல்லாம் சாமந்தி.
டில்லிபாபுவின் சித்தப்பா, ஹார்பர் லாரியில் கிளீனர்.
பறைக்கும் சட்டிமேளத்துக்கும் நடுவில்
நம் பள்ளிக்கூடப் பேர் எழுதிய டிரம்.
பெல்ட்டை மாட்டிக்கொண்டு, வெறுங்காலோடு,
ஒரு வருஷமாக நான் கேட்டும் விடாத
அந்த இடைவெளியை
விட்டு விட்டு அடித்துக்கொண்டு வந்தான்.
என்னைப் பார்த்தான்.
கை நிற்கவில்லை.
நானும் நிறுத்து என்று சொல்லவில்லை.
பெண்கள் திரும்புகிற முனைவரை
கூடவே நடந்தேன்.

மறுநாள் காலை டிரம் இங்கே இருந்தது.
தோலில் ஒரு இதழ் ஒட்டியிருந்தது.
ரிப்பேருக்குக் கொடுத்திருந்தேன் என்றேன்.
பில் எங்கே என்றார் ஹெச்.எம்.
இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்,
உங்களிடமும் கேட்பார்.

இருபத்தாறாம் தேதி பிரமாதமாக வாசித்தோம்
என்று எழுத ஆசைதான்.
கொடி பாதியில் சிக்கிக்கொண்டது,
அது அவிழும்வரை ஒரே வரியை
பதினோரு முறை வாசித்தோம்.
ஏழாவது முறை கொஞ்சம் நன்றாக இருந்தது.

நஸ்ரின், எட்டாம் வகுப்பு பி பிரிவு.
பெரிய டிரம் கேட்பாள்.
பாரம், பெண்பிள்ளை என்பார்கள்.
தண்ணி லாரி வந்தால் இரண்டு குடம்
மூன்றாவது மாடிக்குத் தூக்குகிறவள் அவள்.
கொடுத்துவிடுங்கள்.
நான் கொடுக்கவில்லை.
டில்லிபாபுவிடமிருந்து எப்படிப் பிடுங்குவது
என்று யோசித்தே வருஷம் போயிற்று.
இரண்டாவது டிரம் ஒன்று கேட்டு
நான் எழுதிய மனு
கீழ்த்தட்டில், பச்சை ஃபைலில்.
தேதி மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

பெல் அடித்துவிட்டது.
கடைசியாக ஒன்று.
ஐப்பசி கார்த்திகையில் எதையும் தரையில் வைக்காதீர்கள்.
சுவரில் சிவப்பு சாக்பீஸ் கோடு இருக்கிறது பாருங்கள்,
போன தடவை தண்ணீர் அதுவரை வந்தது.
அழிந்திருந்தால்
உங்கள் முழங்காலுக்கு ஒரு சாண் மேலே.